சினாட்டுக்குப் போனவர் சபைக்கு என்ன சொன்னார்?

பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரைக் கும்பிட வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் அறியாத ஓர் ஏற்பாடு அந்தக் கோயிலுக்கு உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் அதுவும் ஒன்று. அந்தக் கோயிலைச் சேர்ந்த வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து ஒரு ‘புள்ளி’ ஆகிறார்கள். புள்ளிக்கு வரி உண்டு, பதிவு உண்டு. பிழைப்பு சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம், புள்ளி பிள்ளையார்பட்டிக் கணக்கில்தான் இருக்கும். தலைகளை எண்ணிவைத்து, எண்ணப்பட்டவரிடம் பணம் வாங்கி, வாங்கிய பணத்துக்குப் பொறுப்பாகக் காரியம் நடத்துவது செட்டிநாட்டுக்குப் பழகிய வழக்கம்.

பிள்ளையார்பட்டி இருக்கும் அதே சிவகங்கைச் சீமையில் இன்னொரு சமூகமும் இதேபோல எண்ணிக்கொள்கிறது. தென்னிந்தியத் திருச்சபை என்னும் சி.எஸ்.ஐ. சபைகளில் திடப்படுத்தல் பெற்று, நற்கருணை எடுத்து, சங்கக் காணிக்கையை நிலுவையில்லாமல் கட்டிவருகிறவருக்கே வாக்காளர் பட்டியலில் இடம். அவர் வாக்களித்து, சபைகளின் தொகுப்பான சேகரத்தின் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கிறார். சேகரங்களின் பிரதிநிதிகள், பல சேகரங்கள் அடங்கிய திருமண்டலத்தின் பெருமன்றத்துக்குப் போகிறார்கள். சிவகங்கை மாவட்டம் மதுரை–ராமநாதபுரம் திருமண்டலத்தின் எல்லைக்குள் வருகிறது. பெருமன்றத்திலிருந்து தேர்வாகிறவர்கள் பேராயர்களோடும் மற்ற திருமண்டலங்களின் குருமார், சபையாரோடும் சினாட்டில் போய் உட்காருகிறார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, அவற்றோடு இலங்கையின் யாழ்ப்பாணம் ஆகிய இடங்களின் திருமண்டலங்கள், ஏறத்தாழ 40 லட்சம் விசுவாசிகள். இவ்வளவு பேருக்கும் சேர்த்து முடிவெடுக்கிற உச்ச மன்றம் அது.

சங்கக் காணிக்கை கட்டுகிற மூதாட்டிக்கும் அந்த மன்றத்துக்கும் இடையே இத்தனை படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு தேர்தல் நடக்கிறது. எந்தப் படியிலாவது மேலே போனவர் கீழே இறங்கி வந்து, ‘நீங்கள் அனுப்பினீர்கள், போனேன், இன்னது பேசினேன், இன்னதற்குக் கை தூக்கினேன், காரணம் இது’ என்று சபையார் முன்னால் நின்று சொல்கிறாரா? பெரும்பாலான சபைகளில் இதற்கு விடை ‘இல்லை’ என்பதுதான். திருச்சபைத் தேர்தல்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதெல்லாம் யார் ஜெயித்தார்கள், யார் வழக்குப் போட்டார்கள் என்பது மட்டுமே. இந்தக் கேள்வி எங்கேயும் எழுவதில்லை.

பிரதிநிதி என்ற பதவியின் பழைய இலக்கணம் பைபிளிலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம். யூதரல்லாதவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டால் விருத்தசேதனம் செய்தாக வேண்டுமா என்று அந்தியோகியா சபையில் பெரிய வாக்குவாதம். சபை பவுலையும் பர்னபாவையும் வேறு சிலரையும் எருசலேமுக்கு அனுப்புகிறது. அங்கே விவாதம் நடக்கிறது, பேதுரு பேசுகிறார், யாக்கோபு பேசுகிறார், முடிவு ஒரு கடிதமாக எழுதப்படுகிறது. அதோடு கதை முடியவில்லை. போனவர்கள் அந்தியோகியாவுக்குத் திரும்பி வருகிறார்கள், சபையைக் கூட்டுகிறார்கள், கடிதத்தை ஒப்படைக்கிறார்கள், அது எல்லாருக்கும் வாசிக்கப்படுகிறது. எருசலேமிலிருந்து இரண்டு பேர் கூடவே வந்து வாய்மொழியாகவும் விளக்குகிறார்கள். முதல் திருச்சபைச் சங்கத்தைப் பற்றிய பிரசங்கங்களில் எருசலேம் விவாதம்தான் பெரிதாகப் பேசப்படும். அந்தியோகியாவில் நடந்த அந்தச் சபைக் கூட்டத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முடிவுக்கு உயிர் வந்தது அங்கேதான்.

பிரதிநிதி யாருக்காக நிற்கிறார் என்ற கேள்வி இந்தியக் கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை வெறும் நடைமுறை விவகாரமாக இருந்ததில்லை. 1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். ஆசியர்களின் எண்ணிக்கை இருபதைத் தொடவில்லை. காரணம், இடங்கள் சபைகளுக்கு ஒதுக்கப்படவில்லை, மிஷனரிச் சங்கங்களுக்கு ஒதுக்கப்பட்டன. அதுவும் அந்தச் சங்கம் எவ்வளவு பணம் செலவழிக்கிறது என்பதை வைத்து. பணம் அனுப்பியவருக்கு நாற்காலி கிடைத்தது. சுவிசேஷம் கேட்டு, பாட்டும் ஜெபமும் கற்று, சொந்த ஊரில் அடியும் வாங்கிச் சபையைக் கட்டியவருக்கு அங்கே இடமில்லை.

அந்தச் சில ஆசியர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. மேலை மிஷனரிகள் இந்தியர்களுக்காக உழைத்த உழைப்பை அவர் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு இந்தியர்களோடு நட்பு இல்லை, சமமாக உட்கார்ந்து பேசும் பழக்கம் இல்லை என்று அவர்கள் நடுவிலேயே நின்று சொன்னார். கூட்டத்தில் சிலர் நெளிந்தார்கள். இரண்டு வருடங்களில், 1912இல், அவர் தோர்ணக்கல்லின் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். சொந்தச் சபையின் பெயரில் அழைக்கப்படாத மன்றத்தில், ஊரில் இருந்தவர்கள் மனத்தில் இருந்ததை எடுத்துச் சொன்னார் என்பதே அவருடைய பெருமை. பிரதிநிதி என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு அடுத்த கட்டம் தரங்கம்பாடியில். 1919 மே மாதம் 1, 2 தேதிகளில் 33 பேர் அங்கே கூடினார்கள். இரண்டு பேர் தவிர எல்லாரும் இந்தியர். ஆங்கிலிக்கன் சபையாரும், பிரஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் சேர்ந்து உருவாக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையாரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்தார்கள். சுவிசேஷ ஊழியத்தைப் பற்றிப் பேசப் போனவர்கள், பிரிந்து கிடப்பவர்கள் எந்த முகத்தோடு சுவிசேஷம் சொல்வது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பிரிவினைகள் நம் ஊரில் முளைத்தவை அல்ல, கப்பலில் வந்தவை என்று அறிக்கை விட்டார்கள். ஐக்கியம் வேண்டும் என்றார்கள்.

அந்த ஐக்கியம் கைகூட 28 வருடம் ஆயிற்று. முதல் வரைவுத் திட்டம் 1929இல் வெளிவந்தது. பிறகு திருத்தம், மறுபதிப்பு, மறுபடி திருத்தம். பேராயர் பதவி தேவையா, ஏற்கெனவே அபிஷேகம் பெற்ற குருமாருக்கு மறுபடி கை வைக்க வேண்டுமா, சபையின் அதிகாரம் எவ்வளவு, பேராயரின் அதிகாரம் எவ்வளவு என்று ஒவ்வொரு வரிக்கும் சண்டை. மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். மேலே எழுதிய வரைவு கீழே கவுன்சில்களுக்குப் போகும். அங்கே பேசி, வாக்கெடுத்து, ஆட்சேபணையோடு மேலே வரும். தாமதம் சிலரை வதைத்தது. அதற்காகவே உழைத்த அசரியா 1945 ஜனவரி 1 அன்று இறந்துபோனார், ஐக்கியத்தைப் பார்க்கவில்லை.

1947 செப்டம்பர் 27, சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம். சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 14 திருமண்டலங்கள். அன்று அபிஷேகம் பெற்ற புதிய பேராயர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின், வயது 37, ஸ்காட்லாந்து சபையிலிருந்து வந்த பிரஸ்பிட்டீரியன். அவருக்குக் கிடைத்தது மதுரை–ராமநாதபுரம் திருமண்டலம். மதுரைப் பக்கம் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய அமெரிக்க மிஷனின் சபைகள். மானாமதுரை, திருப்புவனம் வரை அவற்றின் வேலை பரவியிருந்தது. அவர்கள் காங்கிரிகேஷனல் வழி வந்தவர்கள், உள்ளூர்ச் சபையே தன் காரியத்தைத் தீர்மானிக்கும் என்று நம்புகிறவர்கள், பேராயர் என்ற பதவியையே அறியாதவர்கள். ராமநாதபுரம் பக்கம் ஆங்கிலிக்கன் சபைகள். இரண்டுக்கும் நடுவே தமிழ் படித்த ஓர் ஆங்கிலேயப் பேராயர். 1959 வரை அவர் அங்கே இருந்தார். கிராமம் கிராமமாகப் போய், சம்பளம் வாங்காத சபை மூப்பர்களைத் தேடிப் பயிற்சி கொடுத்துச் சபைகளை அவர்கள் கையில் விட்டார். அந்த நாட்குறிப்புகள் புத்தகமாகவும் வந்தன.

சிவகங்கைச் சீமைக் கிறிஸ்தவர்கள் மறக்கக் கூடாத வரலாறு இது. அவர்களுடைய திருமண்டலத்தில் கலந்திருக்கும் ஒரு மரபு, ஆலய மணி அடித்துச் சபையைக் கூட்டி, கணக்கை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்கிற மரபு. பேராயர் ஆட்சி அதன் மேல் வந்து அமர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதுதான் 1947இன் ஒப்பந்தம்.

ஐக்கியத்துக்கு எல்லாரும் தலையாட்டிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆந்திரத்தின் நந்தியாலில் ஆங்கிலிக்கன் சபைகள் வெளியிலேயே நின்றன. பல வருடங்கள் கழித்துத்தான் நந்தியால் சி.எஸ்.ஐ.யோடு சேர்ந்தது. உள்ளூர்ச் சபை ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிந்த காலத்தில் அதன் ‘சரி’க்கும் மதிப்பு இருந்தது.

இன்றைய நிலைக்கு வருவோம்.

சினாட்டுக்குப் போகிற சபைப் பிரதிநிதி யார்? ஓர் ஆசிரியை, ஓய்வுபெற்ற தபால்காரர், வக்கீல், மருத்துவமனைச் செவிலியர். வேலைக்கு லீவு போட்டு, ரயில் ஏறிப் போகிறார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அறிக்கைகள் அடங்கிய கனத்த பை. காலையில் வேத ஆராய்ச்சி, பிறகு அறிக்கை, கணக்கு, தீர்மானம், தேர்தல். அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். மேடைப் பேச்சும் அப்படியே. நாலைந்து மொழிக்காரர்கள் கூடுகிற இடத்தில் ஒரு பொது மொழி வேண்டும் என்பது சரிதான். ஆனால் சேகரத்தில் பண்டிகைக் கணக்கைக் கடைசிப் பைசா வரை கேள்வி கேட்கிற ஆள், அந்த மேடைக்கு எதிரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு மொழி ஒரு முக்கியக் காரணம். நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழில் பேசினால் காதுக்கருவியில் மொழிபெயர்ப்பு கேட்கிறது. கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துகிற திருச்சபைக்கு அந்த ஏற்பாடு எட்டாத செலவல்ல.

மௌனத்துக்கு மொழியை விடப் பெரிய காரணம் தேர்தல். பிரதமப் பேராயர், துணைப் பிரதமப் பேராயர், பொதுச் செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கான போட்டியில் மற்றதெல்லாம் அமுங்கிப்போகிறது. யார் எந்த அணி என்பது ரயிலில் ஏறும் முன்பே முடிவாகிவிடுகிறது. இந்தச் சூடு சினாட்டில் தொடங்கவில்லை. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் திருமண்டலத் தேர்தல் வந்தால் போலீஸ் பாதுகாப்போடு வாக்கெடுப்பு நடக்கிறது, அணிகளின் பெயர் தெருவில் அடிபடுகிறது. பின்னால் இருப்பது பதவி ஆசை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். பள்ளியில் ஓர் ஆசிரியர் பணியிடம், கல்லூரியில் ஓர் இடம், நிலத்தின் குத்தகை, கட்டட ஒப்பந்தம் எல்லாம் அந்த நாற்காலிகளோடு கட்டப்பட்டிருக்கின்றன. சி.எஸ்.ஐ.யின் சொத்துகளுக்கு 1947இலேயே ஒரு டிரஸ்ட் கம்பெனி பதிவாயிற்று. அவ்வளவு சொத்து ஒரு மன்றத்தின் கையில் இருந்தால் அந்த மன்றத்துக்கு வருகிற ஒவ்வொரு பிரதிநிதியின் வாக்குக்கும் விலை பேசப்படும் ஆபத்து இருக்கிறது.

விளைவை நீதிமன்றங்கள் பார்த்தன. 2022 மார்ச்சில் கூடிய சிறப்பு சினாட்டில் சட்டதிட்டத் திருத்தங்கள் நிறைவேறின. பேராயர்களின் ஓய்வு வயதை 67லிருந்து 70 ஆக்குவது அவற்றில் ஒன்று. சி.எஸ்.ஐ. சட்டதிட்டப்படி இப்படிப்பட்ட திருத்தத்தை சினாட் நிறைவேற்றினால் மட்டும் போதாது, திருமண்டலப் பெருமன்றங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்ப வேண்டும். அந்த ஒப்புதல் முறைப்படி கிடைத்ததா என்பது, திருத்தங்களை எதிர்த்து வந்த வழக்கின் நடுக்கேள்விகளில் ஒன்றாயிற்று. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் திருச்சபை நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளும். சபையார் யோசிக்க வேண்டியது வேறு. பெருமன்றத்தில் அந்தத் திருத்தம் வந்த நாளில் தன் சேகரத்தின் பிரதிநிதி எந்தப் பக்கம் கை தூக்கினார் என்பது எத்தனை சபையாருக்குத் தெரியும்? மூன்றில் இரண்டு பங்கு என்ற விதியை எழுதிவைத்தவர்கள், தீர்மானம் கீழே போகும், பேசப்படும், மேலே வரும் என்று நம்பி எழுதினார்கள். 28 வருடம் வரைவுகளைக் கீழே அனுப்பி வாங்கிய அனுபவத்தில் எழுதினார்கள். கீழே யாருக்கும் தெரியாமல் எண்ணிக்கை மட்டும் மேலே போனால் அந்த விதி காகிதத்தில் இருக்கிறது, சபையில் இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பிரதிநிதி தபால்காரர் அல்ல. சபை சொன்னதை அப்படியே ஒப்பிக்கத்தான் போகிறார் என்றால் மன்றம் எதற்கு, விவாதம் எதற்கு? போன இடத்தில் கேட்டு, ஜெபித்து, மனம் மாறும் உரிமை அவருக்கு வேண்டும். ஆவியானவர் நடத்துவார் என்று நம்புகிற சபையில் இது இன்னும் அழுத்தமான வாதம். பேதுருவே எருசலேமில் பேசியது முன்பு தான் நினைத்திராததைத்தான்.

இந்த இழுபறிக்கு இங்கிலாந்து சபையில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. பெண்களைப் பேராயர் ஆக்கலாமா என்ற சட்டம் திருமண்டலங்களுக்கு அனுப்பப்பட்டது. 44 திருமண்டலங்களில் 42 சரி என்றன. 2012 நவம்பர் 20 அன்று தேசிய சினாட் வாக்கெடுத்தது. பேராயர் அவையிலும் குருமார் அவையிலும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டி நிறைவேறியது. சபையார் அவையில் ஆதரவு 132, எதிர்ப்பு 74. ஆறு வாக்குக் குறைவில் சட்டம் விழுந்தது. ஊரெல்லாம் ஒப்புக்கொண்டதை ஊரின் பிரதிநிதிகளே தோற்கடித்தார்கள். நாடே அதிர்ந்தது. நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். எதிர்த்து வாக்களித்தவர்களின் பெயர்ப் பட்டியல் வெளியாயிற்று. அந்த சினாட்டில் யார் எப்படி வாக்களித்தார் என்பது மறைபொருள் அல்ல. அவர்கள் தங்கள் திருமண்டலங்களில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் மனச்சாட்சிக்காகத்தான் எதிர்த்தேன் என்று நிமிர்ந்து நின்று விளக்கினார்கள். சபையார் கேள்வி கேட்டார்கள். புதிய வரைவு எழுதப்பட்டது, எதிர்ப்பாளர்களின் அச்சங்களுக்கும் அதில் இடம் கொடுக்கப்பட்டது, 2014 ஜூலையில் நிறைவேறியது. 2015 ஜனவரியில் முதல் பெண் பேராயர் அபிஷேகம் பெற்றார். பிரதிநிதிக்குச் சுதந்திரம் இருந்தது. பதில் சொல்லும் கடமையும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும்.

ஆகவே சபையின் கட்டளைக்குக் கட்டுப்பட்டு வாக்களிக்க வேண்டும் என்று கேட்பது தவறு. போவதற்கு முன் சபையின் மனத்தைக் கேட்டாரா, வந்த பின் சபைக்குச் சொன்னாரா என்பதே கேள்வி. மனம் மாறினால் மாறட்டும். மாறியதைச் சொல்லட்டும்.

ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையை எல்லாம் மேலிருந்து வரும் சபை என்று சீர்திருத்த சபையார் சொல்வது வழக்கம். அந்தப் பழக்கமும் இப்போது ஆட்டம் காண்கிறது. போப் பிரான்சிஸ் 2021 அக்டோபரில் தொடங்கிவைத்த சினாட் ஏற்பாட்டில் உலகத்தின் எல்லா மறைமாவட்டங்களும் தங்கள் பங்கு மக்களைக் கேட்கும்படி சொல்லப்பட்டன. 1987இல் உருவான சிவகங்கை மறைமாவட்டம் போன்ற சிறிய இடங்களுக்கும் அதே அழைப்பு. 2023 அக்டோபரில் ரோமில் கூடிய பேரவையில் முதன்முறையாகப் பெண்களும் சாதாரண சபையாரும் வாக்களித்தார்கள். வாக்குரிமை பெற்ற பெண்கள் 54 பேர். 2024 அக்டோபரில் வந்த இறுதி ஆவணம், பொறுப்பில் இருப்பவர்கள் கணக்குக் கொடுக்க வேண்டும், வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது. போப் அதற்கு மேல் தனி மடல் எழுதாமல் அதையே ஏற்றுக்கொண்டார். நானூறு வருடமாகச் சபையாருக்கு வாக்கு உண்டு என்று பெருமை பேசிய சபைகள், ரோமிடமிருந்து இதைக் கற்க வேண்டிய நிலை வந்திருக்கிறது. கற்றால் தவறில்லை.

கணக்குக் கொடுத்தல் நமக்கு அந்நியமும் அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்ததுதான்: ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பாடப் புத்தகம் குடத்தோடு நின்றுவிடுகிறது. கல்வெட்டு அங்கே நிற்கவில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்கக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் நிற்கக் கூடாது என்று பட்டியலே போடுகிறது. கடந்த மூன்று வருடங்களில் பதவியில் இருந்தவருக்கும் இடமில்லை. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் ஓர் ஊர்ச் சபை இவ்வளவு கறாராக இருந்திருக்கிறது. அதில் ஒரு வரியையாவது திருமண்டலத் தேர்தல் விதிகளில் சேர்க்கலாம்: பெருமன்றத்துக்கும் சினாட்டுக்கும் போய், தன் சேகரத்தில் சபையைக் கூட்டி அறிக்கை கொடுக்காதவர் அடுத்த முறை வேட்பாளர் ஆக முடியாது.

அந்த விதி வருமுன்பே அறிக்கை வாங்கத் தொடங்க நீதிமன்ற ஆணை தேவையில்லை, சட்டத்திருத்தமும் தேவையில்லை. சேகரக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டால் போதும். சினாட்டின் நிகழ்ச்சி நிரலும் முக்கியத் தீர்மானங்களும் ஒரு மாதம் முன்பே தமிழில் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படலாம். ஞாயிறு ஆராதனை முடிந்து அரை மணி நேரம் சபையார் உட்கார்ந்து பேசலாம். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் சங்கத்திலும் தனியாகப் பேசினால் இன்னும் நல்லது. பொதுக் கூட்டத்தில் பேசத் தயங்குகிறவர்கள் அங்கே பேசுவார்கள். திரும்பி வந்தவர் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். அதில் கணக்கு இருக்க வேண்டும், அவருடைய வாக்கு இருக்க வேண்டும், யாரிடம் எதைப் பற்றிப் பேசினார் என்பதும் இருக்க வேண்டும். பதவித் தேர்தலின் இரகசிய வாக்கை வெளியிட வேண்டியதில்லை. கொள்கைத் தீர்மானத்தில் ஒளிக்க என்ன இருக்கிறது?

‘அரசியல்வாதிகள் மாதிரி ஆக்கிவிடாதீர்கள்’ என்று சில ஆயர்மார் சொல்வதுண்டு. அந்தக் கவலை புரிகிறது. ஆனால் சபையை அரசியல் ஆக்கியது அறிக்கை கேட்டவர்கள் அல்ல. கேட்க யாரும் இல்லாத இடத்தில்தான் அணி வளர்ந்தது.

கிறிஸ்தவரல்லாத வாசகருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். சி.எஸ்.ஐ. பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளில் கணிசமானவர்கள் மற்ற மதத்தினர். உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர் சம்பளம் அரசுக் கஜானாவிலிருந்து போகிறது. 1881இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியில் படித்து வெளியே வந்தவர்கள் எந்தச் சாதியிலும் மதத்திலும் இருக்கிறார்கள். அந்த நிறுவனங்களின் தலையெழுத்து யாருடைய கையில், அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பது பொதுக் காரியம். கூட்டுறவுச் சங்கம், சாதிச் சங்கம், வர்த்தகர் சங்கம், கோயில் காரியக் கமிட்டி எல்லாவற்றுக்கும் இதே நோய் உண்டு. மாநிலக் கூட்டத்துக்குப் போனவர் மாலையோடு எடுத்த போட்டோவை ஊருக்குக் காட்டுவார், முடிவுகளைச் சொல்லமாட்டார்.

சங்கக் காணிக்கை ரசீதை வேதப் புத்தகத்தில் வைத்திருக்கிற சபையாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். கோபம் வேண்டாம், யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம். உங்கள் சேகரத்திலிருந்து பெருமன்றத்துக்கும் சினாட்டுக்கும் போனவர்களிடம் மூன்றே விஷயம் கேளுங்கள்: அங்கே என்ன பேசப்பட்டது, நீங்கள் என்ன பேசினீர்கள், எதற்கு வாக்களித்தீர்கள். பதில் வந்தால் நிகழ்ச்சிப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், அடுத்த தேர்தலில் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடியவரை அனுப்புங்கள்.